உழைப்பாளி வீட்டு உள்ளங்கை

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நேற்று சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தாள். காலுறையை உரித்துப் பார்த்தால் குதிகால் வெடிப்புக்குள் சிவப்பாகச் சதை தெரிகிறது. ஆகவே அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். பொய்யில் ஆரம்பிக்கிற கடிதத்தை ஆண்டவன் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டான்.

போனில் ஒன்பது முறை கூப்பிட்டேன். தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன பிறகும் உங்களுக்கு அவ்வளவு வேலை இருப்பது சந்தோஷம். கடிதமென்றால் கதவிடுக்கு வழியாகத் தானே வந்து விழும். அதனால் எழுதுகிறேன்.

சின்னவளை ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயசு குறைந்த பெண். மேஜை இழுப்பறையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் நடுவே ஒன்று கடிக்கிறாள். ஆனால் பார்க்கத் தெரிந்தவள். சின்னவளின் உள்ளங்கையும் உள்ளங்காலும் மெழுகு ஊற்றி ஆறவிட்ட மாதிரி மஞ்சளாகத் தடித்திருக்கிறதே, அதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"எட்டு வயசுலேர்ந்து. எங்க வீட்டுக்காரர் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. உழைச்ச கை" என்றேன்.

"இவ என்ன உழைச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "அதைத்தான் டாக்டர் நாலு வருஷமா நானும் கேக்கறேன்."

இது பரம்பரையாக வரும் தோல் நோயாம். பெயர் ஒரு முழ நீளம், நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிறக்கும் பிள்ளைக்குப் பூவா தலையா கணக்குத்தான், உழைப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணி. என் அப்பா தச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதைச் சொல்லிக்காட்டாத வருடம் கிடையாது. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று உங்கள் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே வந்து என் அம்மாவிடம், "பையன் கையில காய்ப்பு இருக்கு, பொண்ணு பட்டினி கிடக்காது" என்றார். மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. நூலக வாசலில் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறவருக்கு அந்தக் காய்ப்பு எங்கிருந்து வந்தது என்று உளி பிடித்த மனிதருக்கே தோன்றவில்லை. உங்கள் அப்பா கதையும் அதேதான். மாமா ஓய்வு பெற்ற அன்று பெரிய அதிகாரி மேடையில் அவர் கையைத் தூக்கிப் பிடித்து, "இளைஞர்களே, இதுதான் உழைப்பு" என்றாராம். முப்பத்தொரு வருடம் காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய கை. அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் "உழைப்பாளி ஐயா".

போகட்டும். நான் எழுத வந்தது வேறு. டாக்டர் கடைசியில் கேட்டாள்: "குடும்பத்துல யாராவது விழுங்க முடியாம இறந்திருக்காங்களா?" இதில் பல வகை உண்டாம். பெரும்பாலானவை தோலோடு நின்றுவிடும். அபூர்வமாக ஒரு வகை மட்டும், வயதான பிறகு, உணவுக்குழாயில் புற்று கொண்டுவரும். அந்த வகையா என்று தெரிந்தால் முன்கூட்டியே வருடா வருடம் குழாய் விட்டுப் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

"அப்படி யாருமில்லை. என் மாமனார் உணவைத் துறந்து இறைவனடி சேர்ந்தவர்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவள் பேனா நின்றது. "எத்தனை மாசம் துறந்தார்?"

எனக்குத் தெரியவில்லை. கடைசி ஐந்து மாதம் மாமா உங்கள் வீட்டில் இருந்தார். எங்களை வாசலோடு அனுப்பினீர்கள். ஆகவே கேட்கிறேன். அவர் சாப்பிடவில்லையா, சாப்பிட முடியவில்லையா? ஒரு வரி எழுதினால் போதும். ஒரு குழந்தையின் தொண்டை இதில் இருக்கிறது.

பிரார்த்தனையில் உங்களையும் சேர்த்துக்கொள்கிற,
தம்பி மனைவி


பிப்ரவரி 13

தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தைப் பன்னிரண்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, மிச்சத்தை மளிகைப் பொட்டலக் காகிதத்தில் படித்தவளுக்கு இவ்வளவு எழுத வந்ததே அதிகம். பாராட்டுகள்.

தோல் டாக்டர் தோலோடு நிற்கட்டும். செத்தவர் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க பிஸ்கட் தின்னும் பெண்ணுக்கு என்ன வேலை? அப்பா உணவைத் துறந்தார். பேச்சையும் துறந்தார். தெரு முழுக்கச் சாட்சி. கடைசி வாரத்தில் வாசலில் வரிசை நின்றது. நீயும்தான் ஆறு வருடமாக வாரத்தில் ஒரு நாள் அவர் பெயரைச் சொல்லிப் பட்டினி கிடக்கிறாய். அப்போது வராத சந்தேகம் இப்போது எங்கிருந்து முளைத்தது?

நம் குடும்பத்தில் சிலருக்குத் தோல் கொஞ்சம் தடிப்பு, உண்மை. குழந்தைக்கு வெந்நீரில் கால் ஊறவைத்துக் களிம்பு பூசு. அதை நோய் நோய் என்று ஊருக்குத் தண்டோரா போட்டால் நாளை அவளை யார் கட்டுவார்கள் என்றும் யோசி. எனக்கு அந்தத் தடிப்புகூடக் கிடையாது. நான் கையுறை போடுவது சாக்பீஸ் தூள் ஒவ்வாமைக்காக. அதையும் உன் டாக்டரிடம் ஒப்பித்துவிடாதே.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

சிவப்பு மைக்கு நன்றி. பன்னிரண்டில் ஒன்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று தவறில்லை, அகராதி பார்த்துவிட்டேன்.

உங்கள் தம்பியிடம் கேட்டேன். "அப்பா ஒரு மகான்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். ஆகவே பழைய நோட்டுகளை எடுத்தேன்.

வீட்டுக்குள் வருகிற பொருளும் தீர்கிற பொருளும் ஒரு நாள் விடாமல் நான் எழுதி வைப்பேன் என்பது உங்கள் குடும்பத்துக்குப் பெரிய வேடிக்கை. "குமாஸ்தா வீட்டுக்கு இன்னொரு குமாஸ்தா" என்று மாமாவே சிரித்திருக்கிறார். நீங்கள் வந்து கூட்டிப்போவதற்கு முன் அவர் பதினெட்டு நாள் எங்களோடு இருந்தார். அந்தப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றாம் தேதி: மாமாவுக்கு ரொட்டி நான்கு துண்டு.
ஒன்பது: ரொட்டி இரண்டு. ஓரம் தட்டில் மிச்சம்.
பன்னிரண்டு: ரொட்டியைப் பாலில் நனைத்தார். பால் கால் லிட்டர் கூடுதல்.
பதினைந்து: கஞ்சி. பாதியில் எழுந்து போனார். நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.
பதினேழு: பால் மட்டும். பிரார்த்தனை என்று வீட்டுக்காரர் சொன்னார்.
பதினெட்டு: அண்ணி வந்து கூட்டிப்போனார்.

எனக்கு விரதம் தெரியும் அண்ணி. இருக்கிறவள் நான். விடுகிறவர்கள் மொத்தமாக விடுவார்கள், இல்லாவிட்டால் பொழுது சாயும்வரை விடுவார்கள். ரொட்டியின் ஓரத்தை மட்டும் யாரும் துறப்பதில்லை.

இதில் எனக்கு உங்கள்மேல் வருகிற வெறுப்பைவிட என்மேல் வருகிறதுதான் அதிகம். எழுதியது நான். கூட்டிப் பார்க்காததும் நான். உழைத்த கை என்று சொன்னீர்கள், கழுத்தை நீட்டினேன். துறவு என்று சொன்னீர்கள், படம் மாட்டி விளக்கு வைத்தேன். போன வருடம் சின்னவள் காய்ச்சலில் தட்டைத் தள்ளியபோது, "தாத்தா மாதிரி மனசை அடக்கறா பாரு" என்று அண்டை வீட்டுக்காரியிடம் சொன்னவளும் நான்தான். இந்த ஆறு வருடத்துப் பட்டினியை ஆண்டவன் எந்தப் பக்கத்தில் வரவு வைத்திருப்பான் என்று தெரியவில்லை. சிரித்திருப்பான்.

உங்கள் குடும்பத்தின் திறமையே திறமை. கையில் நோய் வந்தால் உழைப்பு. தொண்டையில் நோய் வந்தால் பக்தி.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்கு உள்ளே மை அடைக்க வேண்டும். மாமா, உங்கள் தம்பி, சின்னவள் மூவருக்கும் அடைத்துவிட்டேன். உங்கள் வட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், நீங்கள் சொன்னபடி. மாமா எதனால் இறந்தார் என்கிற கட்டமும் காலி. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று முடிவு செய்வார்களாம்.

தம்பி மனைவி


மார்ச் 1

தம்பி மனைவிக்கு,

மாமனார் தின்ற ரொட்டித் துண்டை எண்ணி எழுதிய மருமகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நீ அவருக்குச் சாப்பாடு போட்டாயா, வேவு பார்த்தாயா?

நான்கு சுவருக்குள் நடந்ததைக் கட்டம் போட்டு ஒரு ஆஸ்பத்திரி அலமாரியில் வைக்கச் சொல்கிறாய். அப்பாவின் கையைப் பெரிய அதிகாரி தூக்கிப் பிடித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. உன் அப்பா கையில் இருந்தது நிஜக் காய்ப்புதான். யார் தட்டினார்கள்?

துறவு என்பது உனக்குப் புரியாது. நீ அளந்து போட்டு அளந்து எடுக்கிறவள். நானே மூன்று மாதமாக இரவு உணவை விட்டிருக்கிறேன். காலையில் கஞ்சி, பகலில் பால், அவ்வளவுதான். கெட்டியாக எதையும் மனம் நாடுவதில்லை. உடம்பு லேசாக இருக்கிறது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "அப்பா வழியில வந்த பொண்ணு" என்றார். உன் நோட்டில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறதா?

இனி இது பற்றி எழுதாதே.

அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை ஐந்து முறை படித்தேன். பொட்டலக் காகிதத்தில் படித்துப் பழகியவளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கசங்கியதையும் நீவி நீவிப் படிப்பாள்.

இரவு உணவை நீங்கள் விட்டீர்களா, அது உங்களை விட்டுவிட்டதா?

ரொட்டி ஓரம் எப்போது நின்றது? விழுங்கும்போது நடு நெஞ்சில் எதுவோ நிற்கிறதா? தண்ணீர் குடித்துத் தள்ளுகிறீர்களா? தேதி ஞாபகமில்லை என்றால் ரவிக்கையை முதலில் பிடித்துத் தைத்தது எப்போது என்று தையல்காரரைக் கேளுங்கள். அவர் நோட்டில் இருக்கும்.

நீதிபதி எழுந்து நின்றாராம். மாமாவுக்கும் நின்றார்கள், தெருவே நின்றது. நிற்கிறவர்களுக்கு என்ன, கால் வலித்தால் உட்கார்ந்துகொள்வார்கள்.

உங்கள் தம்பிக்குப் போன வெள்ளிக்கிழமை எண்டோஸ்கோப்பி செய்தார்கள். என் நோட்டுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அந்த பிஸ்கட் பெண்தான் ஏற்பாடு செய்தாள். உள்ளே சுத்தமாக இருக்கிறது. உழைத்த அடையாளம் எதுவும் அங்கும் இல்லை. வெளியே வந்ததும், "நான் செத்துப் பொழைச்சேன்டி" என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார். பத்து நிமிஷ வேலை, அண்ணி. தொண்டையை மரக்கவைத்துவிடுகிறார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களை எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடத்தில் என் வீட்டுக் குவளையை ஒருமுறைகூடக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டதில்லை நீங்கள். தச்சர் மகள் வீட்டில் கை அழுக்காகிவிடும் என்று நினைத்தேன். அந்த வெள்ளைக் கையுறையைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உங்களுக்கு "வெள்ளைக் கை டீச்சர்" என்று பெயர் வைத்தது எனக்குத் தெரியும், தெரிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் பிடிக்காதவர் போய்ப் படமாகத் தொங்கினால் அதைத் தினமும் துடைக்க வேண்டியவளும் நான்தான். ஏற்கெனவே ஒரு படம் துடைக்கிறேன். இன்னொன்றுக்குச் சுவரில் இடமில்லை.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி மனைவி


மார்ச் 18

தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தில் இந்த முறை நான்கு தவறுகள்தான். வட்டமிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்று. நான் கூட்டிப்போன மறுவாரமே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேரம் கடந்துவிட்டது என்றார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அப்பா கேட்டது ஒன்றுதான். "என்னை நோயாளியா அனுப்பிடாதேம்மா. உழைப்பாளியாவே போறேன்." அப்போதும் அந்தக் கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். அந்தப் பட்டம் பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கும் அதே கை, அதே கால். அந்தம்மாவும் கடைசியில் தண்ணீர் இறங்காமல்தான் போனாராம். செய்வினை என்றார்களாம் அப்போது. அப்பாவுக்கு நான் துறவு என்றேன். செய்வினைக்கு இது மேல் அல்லவா.

துறவு என்று முதலில் சொன்னது பாலோடு ரொட்டியும் கொண்டுவரும் பால்காரரிடம். "அப்பாவுக்கு இனி ரொட்டி வேண்டாமாம்மா?" என்று கேட்டார். ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தன் எச்சிலையே விழுங்க முடியாமல் அப்பா உள்ளே ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார். பேசினால் இருமல் வந்தது. அதனால் மௌனம் என்றேன். வெளியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள் முட்டாள்கள். ஒருவர் தன் வியாபாரத்துக்கு ஆசி வாங்கிப் போனார். நானே நாற்காலி எடுத்துப் போட்டேன்.

சாக்பீஸ் ஒவ்வாமை என்று ஒன்று எனக்குக் கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து விடியற்காலையில் வெந்நீரில் ஊறவைத்துப் நுரைக்கல்லால் தேய்க்கிறேன். தேய்த்தால் ஒரு பகல் தாங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பிள்ளைக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தேன். "டீச்சர் கை செருப்பு மாதிரி இருக்கு" என்றது. மறுநாள் கையுறை வாங்கினேன். ஆணுக்கு இருந்தால் உழைப்பாளி. பெண்ணுக்கு இருந்தால் செருப்பு. நான் திருமணம் வேண்டாம் என்றதை நீங்கள் எல்லோரும் திமிர் என்று பேசிக்கொண்டீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

உன் குவளையைக் கையுறையோடு தொட்டது உன் அழுக்குக்காக அல்ல.

ரொட்டி ஓரம் நவம்பரில் நின்றது. நடு நெஞ்சில் நிற்கிறது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன், பிப்ரவரியிலிருந்து அதுவும் சில நேரம் திரும்பி வருகிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வழியை நான் ஒரு முறை முழுக்கப் பார்த்தவள். நீதிபதி எழுந்து நின்றபோது, போகட்டும், எனக்கும் ஒரு பட்டம் என்று நினைத்தேன்.

சின்னவளிடம் உழைப்பு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். காலி கட்டத்தில் நான் மேலே எழுதியதைப் பார்த்து எழுது. அப்பாவின் அம்மாவுக்கும் ஒரு வட்டம் போடு.

என் வட்டத்தையும் மை போட்டு அடை.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

அடைத்துவிட்டேன்.

தாளை டாக்டரிடம் கொடுத்தாயிற்று. சின்னவளுக்கும் உங்கள் தம்பிக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு வர ஆறு வாரம். அந்த வகைதான் என்று வந்தாலும் சின்னவளுக்கு இப்போதைக்குப் பயமில்லை, வயது வந்த பிறகு வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். சின்னவளுக்கு இந்தக் குடும்பத்தில் முதல்முறையாக நோய் நோயாகவே இருக்கும். உங்கள் அனுமதியில்லாமல் செருப்பு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். "என்னை மூணு பேர் அப்படிக் கூப்பிடறாங்க. அத்தைக்கு ஒருத்தர்தானா?" என்று கேட்டாள். பிறகு, "அந்தக் கல் எங்க கிடைக்கும்னு அத்தைகிட்ட கேளும்மா" என்றாள். வரும்போது ஒன்று எடுத்து வாருங்கள்.

ஆம், வரும்போது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்களுக்கு எண்டோஸ்கோப்பி. நீங்கள் சம்மதிப்பீர்களா என்று கேட்கவில்லை. மாமாவுக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள், உங்களுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் வாயால் சொல்லட்டும், நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். அதற்கு எதிர் வீட்டில் ஆள் இருக்கிறார். அவர் மறுபடி எழுந்து நின்றால், உட்காரச் சொல்லுங்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வருடப் பொய். என் பிள்ளையின் தொண்டையை வைத்து ஆடிய ஆட்டம். இதைப் பற்றி ஆண்டவனிடம் கேட்டேன், அவனும் அவசரம் காட்டவில்லை. மாமாவின் படத்தை மட்டும் இறக்கித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன். கீழே "உழைப்பாளி" என்று உங்கள் தம்பி எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன். அந்தக் கிண்ணத்தோடு ஐந்து மாதம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாரே, அதற்கு எந்தப் பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள், உங்கள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் பட்டினியை நிறுத்திவிட்டேன். அந்த நாளில் சின்னவளுக்குக் கால் தேய்த்துவிடுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. பிரார்த்தனை அதிலேயே முடிந்துவிடுகிறது.

திங்கட்கிழமை மாலையே வந்துவிடுங்கள். பஸ் நிலையத்துக்கு உங்கள் தம்பி வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், நான் வருகிறேன். கஞ்சி வடிகட்டி வைப்பேன். எவ்வளவு இறங்குகிறதோ இறங்கட்டும், நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். டாக்டருக்குத் தேவைப்படும்.

கையுறை கொண்டுவர வேண்டாம். டாக்டர் கையைப் பார்க்க வேண்டுமாம். இருபத்திரண்டு வருடமாக நானும் பார்த்ததில்லை.

தம்பி மனைவி